கெட்ட பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்று சொல்லிவிட்டால், குடிக்க மாட்டான், சிகரெட் பிடிக்க மாட்டான் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவான், கரண்ட் பில்லைக் கடைசித் தேதி தாண்டித்தான் கட்டுவானா, கோபம் வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பானா, சம்பளம் வந்த அன்றே போனில் எதையாவது ஆர்டர் போட்டுவிடுவானா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆனால் கூட வாழப்போகிற பெண்ணையும், அந்தப் பையனையுமே கூட, தினம் தினம் படுத்தப்போவது இவைதான். பெண்ணுக்கும் இதே கதைதான்.

நான் இங்கே எழுதுவது அந்த மாதிரிப் பழக்கங்களைப் பற்றித்தான். ஊர் பேசும் அளவுக்குப் பெரிசாக இருக்காது, யாரும் கண்டிக்க மாட்டார்கள், ஆனால் நாளில் ஒரு மணி நேரம், மாதத்தில் ஆயிரம் ரூபாய், வாரத்தில் ஒரு சண்டை என்று நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று பெரும்பாலானவர்கள் நினைத்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, ஜனவரி ஒன்றாம் தேதியில் ஒரு சபதம் எடுத்து, பொங்கலுக்குள் அதை விட்டுவிட்டு, மறுபடியும் திட்டிக்கொள்கிறார்கள். திட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பழக்கம் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் காரியத்துக்கு அடுத்து தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் பழக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரே சூழ்நிலையில் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால், கொஞ்ச நாளில் அந்தச் சூழ்நிலை வந்ததுமே காரியம் தானாக நடந்துவிடுகிறது, யோசித்து முடிவெடுக்க வேண்டியதே இல்லை. அவ்வளவுதான் பழக்கம். தினமும் வண்டியில் ஆபீஸ் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்பி, சிக்னல் வந்ததும் ஆபீஸ் ரோட்டில் திரும்பிவிடுவது இதனால்தான். வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களுக்கு மணிக்கு ஒரு தடவை ஒலிக்கும் கைக்கடிகாரம் கொடுத்து, அது ஒலிக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள், மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். எழுதியதைத் தொகுத்துப் பார்த்தால், அவர்கள் செய்தவற்றில் சுமார் 43 சதவீதம் ஏறக்குறைய தினமும், அதே மாதிரிச் சூழ்நிலையில், பல நேரம் மனம் வேறெங்கோ இருக்கும்போது செய்தவை. குளிப்பது, பல் தேய்ப்பது, வழி கண்டுபிடித்துக் காலேஜ் போய்ச் சேருவது எல்லாம் இதில் அடக்கம். இந்த வசதி இல்லாவிட்டால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே களைத்துப்போவோம். ஆகவே பழக்கம் என்பதே விரோதி இல்லை. உதவுகிற பழக்கமும் உதவாத பழக்கமும் மூளைக்குள் ஒரே வழியில்தான் உருவாகின்றன, எது நல்லது எது கெட்டது என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்பவருடைய குழு, எலிகளை 'டி' வடிவப் பாதையில் ஓடவிட்டு, சரியான பக்கம் திரும்பினால் முடிவில் தின்பண்டம் கொடுத்தது. மூளையின் ஆழத்தில் 'பேசல் கேங்கிலியா' என்று ஒரு பகுதி இருக்கிறது. எலி புதிதாக ஓடும்போது அந்தப் பகுதி பாதை முழுக்க வேலை செய்தது. நன்றாகப் பழகிய பிறகு, ஓட்டம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மட்டும் அது விழித்துக்கொண்டது, நடுவில் அடங்கிவிட்டது. மொத்த ஓட்டத்தையும் மூளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை அவிழ்த்தால் கடைசி வரைக்கும் கொட்டித்தான் நிற்கும். ராத்திரி போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது "இத்தோடு போதும், வை" என்று சொல்லிக்கொண்டாலும் விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறதே, அது நடுவில் நிறுத்தப் பார்ப்பதால் வருகிற கஷ்டம். தொடக்கத்தில் நிறுத்துவது அந்த அளவுக்குக் கஷ்டமில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதே விஷயம் தெரியவந்தது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தபோது, முதலில் சாறு நாக்கில் பட்டதும், டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் எப்போதும் ஓர் அறிகுறி வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு அந்த அறிகுறிக்கே நகர்ந்துவிட்டது. அதாவது பொருள் கைக்கு வருவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்று காட்டும் அடையாளத்திலேயே மூளை கிளம்பிவிடுகிறது. சாயங்காலம் நாலு மணி, டீக்கடை வாசலில் எண்ணெய்ச் சட்டியின் சத்தம், போனில் ஒரு 'டிங்' என்று நம் ஒவ்வொருவருக்கும் இப்படி அடையாளங்கள் இருக்கின்றன.

"ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தானே செய்கிறேன்" என்று தோன்றலாம். அது எப்போதும் உண்மையில்லை என்பதைக் காட்டியது பாப்கார்ன் சோதனை. டேவிட் நீல், வெண்டி வுட் ஆகியோரின் குழு 2011-ல் வெளியிட்டது. படம் பார்க்க வந்தவர்களுக்கு பாப்கார்ன் இலவசமாகக் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போது பொரித்தது, சிலருக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்து நமத்துப்போனது. தியேட்டரில் பாப்கார்ன் தின்று பழகாதவர்கள் நமத்ததைக் கொஞ்சம் தின்றுவிட்டு வைத்துவிட்டார்கள். பழகியவர்களோ, நன்றாக இல்லை என்று தெரிந்தும், புதிதாகப் பொரித்ததைத் தின்ற அளவுக்கே அதையும் தின்றார்கள். இதே மாதிரி ஆட்களை ஒரு மீட்டிங் அறையில் உட்கார வைத்து மியூசிக் வீடியோ போட்டுக் காட்டியபோது, பழகியவர்கள்கூட நமத்ததை ஒதுக்கிவிட்டார்கள். இன்னொரு சோதனையில் தியேட்டரிலேயே, வழக்கமான கையை விட்டுவிட்டு மற்றக் கையால் எடுத்துத் தின்னச் சொன்னார்கள், அதிலும் நமத்தது குறைவாகத்தான் உள்ளே போனது. ஆள் அதே ஆள், மன உறுதி அதே மன உறுதி. மாறியது இடமும் கையும்தான். நாம் எவ்வளவு நமத்த பாப்கார்னைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பார்த்துச் சலித்த ரீல்ஸ், சுவையே இல்லாத மூன்றாவது டீ, சண்டைக்கென்றே போடும் டிவி விவாதம். பிடித்திருக்கிறதா என்று நிறுத்திக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஆனால் நிறுத்திக் கேட்பதே இல்லை.

சரி, நம்முடையதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் அதிகம் மெனக்கெட வேண்டிய இடம், பலரும் தாண்டிப் போகிற இடமும் இதுதான்.

ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். ஒரு சின்ன நோட்டு போதும். உறுத்துகிற காரியம் நடந்ததும், மணி என்ன, எங்கே இருந்தீர்கள், அதற்குச் சற்று முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பக்கத்தில் யார், மனசு எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்:

"இரவு 9.40. சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தேன். போன் தலைமாட்டில் சார்ஜில் இருந்தது. நாளைக்கு ஸ்கூல் லீவா என்று குரூப்பில் பார்க்க எடுத்தேன். லீவு இல்லை. வைக்கும்போது 11.25."

இந்த நாலு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். எழுதியவருக்கு வீடியோ மேல் ஆசை என்று எங்கேயும் இல்லை. நாள் முழுக்க நின்ற காலுக்கு முதன்முதலாகக் கிடைத்த ஓய்வு அந்தக் கட்டில், கைக்கெட்டும் தூரத்தில் சார்ஜர், எடுக்க நியாயமான ஒரு காரணம், அதற்குப் பிறகு முடிவே இல்லாத திரை. இணையத்தில் பக்கத்தின் அடி வந்துவிட்டால் நின்று அடுத்ததை அழுத்த வேண்டியிருந்த காலம் போய், கீழே தள்ளத் தள்ளப் புதிதாக வந்துகொண்டே இருக்கும் முறையை 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார், பிற்பாடு அதன் விளைவைப் பார்த்து வெளிப்படையாக வருத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். முன்பு நிற்க ஓர் இடம் இருந்தது, இப்போது இல்லை. இதை எதிர்த்து ராத்திரி பத்து மணிக்குக் களைத்த மனசு ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். மாற்ற வேண்டியது சார்ஜர் இருக்கும் இடத்தை. அதை ஹாலில் மாட்டிவிட்டு, அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கி வையுங்கள்.

நோட்டு எழுதச் சோம்பல் என்றால், ஏற்கெனவே எழுதப்பட்ட நோட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற இடத்தில் எந்த ஆப் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை தடவை போனைத் திறந்தோம் என்று எல்லாம் இருக்கும். காசு விஷயத்தில் ஜிபேயோ போன்பேயோ திறந்து போன மாதக் கணக்கை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை படியுங்கள். தொகையை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே கடை என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதுதான் நாம் தேடுவது. கணக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்: தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 547 மணி நேரம், ராத்திரி பகல் சேர்த்துக் கிட்டத்தட்ட 23 முழு நாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஓய்வு கெட்ட பழக்கம் இல்லை. ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே கதை பேசுவது, மொட்டை மாடியில் சும்மா நிற்பது, ஞாயிறு மதியம் குட்டித் தூக்கம், இதையெல்லாம் 'உருப்படியாக' மாற்றச் சொல்லும் அறிவுரைகள் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. எது உதவாதது என்று பிரித்துப் பார்க்க நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்னிடம் கேட்டிருந்தால், இதைச் செய்கிறேன் என்று சொல்லியிருப்பேனா? செய்து முடித்த பிறகு தூக்கத்திலோ காசிலோ உடம்பிலோ வீட்டு மனிதர்களிடமோ ஏதாவது கடன் வைத்துவிட்டுப் போகிறதா? முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஆமாம் என்றால் அதை நோட்டில் வட்டம் போடுங்கள். சீரியல் இதில் மாட்டாது. படுக்கையில் போன் மாட்டும்.

சூழ்நிலைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு நம் ஊரிலேயே வருஷா வருஷம் சாட்சி இருக்கிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். வருஷம் முழுக்கக் குடிப்பவர், நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர், மாலை போட்ட அன்றிலிருந்து 41 நாளோ 48 நாளோ ஒன்றைக்கூடத் தொடாமல் இருக்கிறார். பக்தி பெரிய காரணம், அதில் சந்தேகமே இல்லை. கூடவே அவரைச் சுற்றி மாறியது என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலைக் குளியல், கறுப்போ நீலமோ வேட்டி, செருப்பில்லாத கால், தரையில் பாய், வீட்டில் தனிச் சமையல், சாயங்காலம் கடைப் பக்கம் போகாமல் பஜனைக்குப் போவது, எல்லாவற்றுக்கும் மேல் எதிரில் வருகிற ஒவ்வொருவரும் அவரை "சாமி" என்று கூப்பிடுவது. பழைய பழக்கம் தொடங்கும் இடம் ஒன்றுகூட மிச்சமில்லை. மாலையைக் கழற்றிய பிறகு, அதே சாயங்காலம், அதே நண்பர்கள், அதே கடை என்று எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிடுவதால் பலருக்குப் பழக்கமும் கூடவே திரும்பிவிடுகிறது. இதைப் பார்த்து அவர் பக்தியைக் குறை சொல்வது தவறு. விடியற்காலைக் குளியலையும் சாயங்கால பஜனையையும் மட்டுமாவது மாலைக்குப் பிறகும் விடாமல் வைத்துக்கொண்டால் எவ்வளவு உதவும் என்று யோசிப்பதுதான் சரி.

இதே விஷயம் மிகப் பெரிய அளவில் ஒரு தடவை பதிவாகியிருக்கிறது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நிறையப் பேர் ஹெராயின் எடுக்கிறார்கள் என்று 1971-ல் தெரியவந்ததும், இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரசாங்கமே பயந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்ததாகச் சொன்னார்கள், ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுக்குத்தான். ஊரில் ஹெராயின் அவ்வளவு மலிவாகவும் சுலபமாகவும் கிடைக்கவில்லை, போர்க்கள பயம் இல்லை, வீடு, வேலை, குடும்பம் என்று எல்லாமே வேறு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாம் சொல்கிறோம். தொட்டில் அதே இடத்தில் இருந்தால் அது உண்மைதான்.

நாம் ஊரை மாற்ற முடியாது. ஆனால் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றலாம். முறுக்கு டப்பாவைப் பரண்மேல் வைப்பது, ஷாப்பிங் ஆப்பில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பர்ஸிலிருந்து எடுத்து அடிக்கிற மாதிரி செய்வது, டீக்கடை வழியை விட்டு அடுத்த தெரு வழியாக வீட்டுக்கு வருவது. இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தோன்றும். நமத்த பாப்கார்னைக் குறைத்தது வெறும் கை மாற்றம்தான்.

இடத்தை மாற்ற முடியாத பழக்கங்கள் உண்டு. நகம் கடிப்பது, குழந்தை தட்டைக் கவிழ்த்ததும் கத்திவிடுவது. நகம் கடிப்பது போன்றவற்றுக்கு நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு பேர் 1973-ல் வெளியிட்ட முறை இன்றைக்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது. முதலில், கை வாயை நோக்கிக் கிளம்புகிற அந்தக் கணத்தைக் கவனிக்கப் பழகவேண்டும். அடுத்து, அந்தக் கணத்தில் கடிப்பதும் இதுவும் ஒரே நேரத்தில் முடியாது என்கிற மாதிரி ஒன்றைச் செய்யவேண்டும், விரல்களை மடக்கிக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிப்பது போல. "கடிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னால் கைக்கு வேலை இல்லை, வேலை இல்லாத கை பழைய இடத்துக்கே போகும்.

இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்த முறை. "இனிமேல் ஒழுங்காக இருப்பேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. பிரிட்டனில் மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. அடுத்த வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். சும்மா விட்டவர்களில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். பயிற்சியின் நன்மைகளைப் படிக்கக் கொடுத்தவர்களில் 35 சதவீதம், அதாவது அறிவுரை ஒன்றும் செய்யவில்லை. அதைப் படித்ததோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம். வீட்டில் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர்கள் இந்த எண்களை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். 21 நாள் என்று சுற்றிக்கொண்டிருக்கிற கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார், பழக்கத்தை அளந்து பார்த்துச் சொன்னதல்ல. அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும். 96 பேர், தண்ணீர் குடிப்பது, சாப்பாட்டுக்கு முன் ஓடுவது என்று ஆளுக்கு ஒரு புதுக் காரியம். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், காரியம் தானாக நடக்க ஆரம்பிப்பதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகும் என்று கணக்கு காட்டியது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. "ஒரு நாள் போச்சு, இனிமேல் எல்லாம் போச்சு" என்று முழுசாக விட்டுவிடுவதுதான் நஷ்டம். தீபாவளிக்கு நாலு அதிரசம் தின்றுவிட்டால், மறுநாள் காலை நடைக்குக் கிளம்புங்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடிக்கிறவர் தடாலடியாக ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், வலிப்பு வரலாம், அதனால் டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அதேபோல் வாரக்கணக்கில் எதிலும் மனசு போகவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லி உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், அது மன அழுத்த நோயாக இருக்கலாம். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, மிச்சமாகும் நேரத்துக்கு என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். போனை ஹாலில் வைத்துவிட்டுக் கட்டிலில் வெறுமனே படுத்திருந்தால், மூன்றாம் நாள் டிவி ரிமோட் கைக்கு வரும். அதற்கும் பெரிய திட்டம் வேண்டாம். "பாத்திரம் கவிழ்த்ததும் போனை ஹாலில் மாட்டுவேன், கட்டிலில் சாய்ந்ததும் பாதியில் விட்ட நாவலை எடுப்பேன்" என்பது போதும். அண்ணனிடம் பேசி ஒரு மாதமாகிறது என்றால், மாட்டுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள். நாவலைத் தலைமாட்டில் சார்ஜர் இருந்த அதே இடத்தில் வையுங்கள். நோட்டில் ஐந்து பழக்கத்துக்கு வட்டம் போட்டிருந்தாலும் இப்போது ஒன்றே ஒன்றை எடுங்கள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் தினமும் வருவதை எடுங்கள், மாதத்துக்கு ஒரு தடவை வருவதை விட்டுவிடுங்கள். தினமும் வருவதில்தான் தினமும் ஒரு முயற்சிக்கு இடம் இருக்கிறது.